அளவும் அளவையும்
மாதிரித் தாங்கி அமைத்து வண்ணந் தீட்டுங் கலை பற்றிய ஒரு விளக்கம்

முற்றத்திலே பிள்ளைகள் உருட்டி விளையாடும் சிறுதேரைக் காண்போர், அது கோயிற்றேரை ஒத்திருக்கின்றதா என்று வினாவுவதில்லை. நான்கு சில்லும் ஒரு கயிறும் இருப்பின் அது தேரே. எஞ்சியவற்றைப் பிள்ளையின் மனமே நிரப்பிக்கொள்ளும். ஆயின் ஒருவன், உள்ளதொரு பொருளை அதன் நீள அகல உயரங்களில் முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கி, உறுப்புக்கு உறுப்பும் நிறத்துக்கு நிறமும் பொருந்தச் செய்யப் புகுவானாயின், அவன் விளையாட்டின் எல்லையைக் கடந்துவிடுகின்றான். "இப்பொருள் உண்மையில் இவ்வாறுதான் இருந்ததா? இருந்ததெனின், அதனை எவ்வாறு அறிந்தாய்?" என்னும் இரு வினாக்களுக்கும் விடை கூறும் கடப்பாடு அவன்மேற் சார்கின்றது.

தமிழில் அளவை என்னுஞ் சொல் இருபொருள் தருவது. முகத்தல், நீட்டல் முதலிய அளத்தற் கருவிகளும் அளவை எனப்படும். உண்மையை அறிதற்குரிய பிரமாணங்களும் அளவை எனப்படும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் அவ்வளவைகளுள் தலையாயவை. மாதிரியுரு அமைக்குங் கலைக்கு இருவகை அளவையும் வேண்டும். கோல்கொண்டு அளத்தல் எளிது. சான்றுகொண்டு அளத்தலே அரிது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் பொருத்தமாகும்.

தாங்கியும் அதன் காலமும்

இரண்டாம் உலகப் போரின் முற்பகுதியிலே பிரித்தானியர் பயன்படுத்திய கவசத் தாங்கிகளுள் 'மற்றில்டா' எனப் பெயர் பெற்றது ஒன்று. காலாட்படையுடன் செல்லுமாறு வகுக்கப்பட்ட அத்தாங்கி விரைவிற் குறைந்தது. நல்ல தெருவிலும் மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றருக்கு மேற் செல்லாது. ஆயின் அதன் முன்புறக் கவசம் 78 மில்லிமீற்றர் தடிப்புடையது. அக்காலத்தில் அஃது அரியதொரு காப்பு. 1940ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி, எகிப்தின் மேற்குப் பாலைநிலத்திலிருந்த நிபெய்வா என்னும் இத்தாலியப் பாசறையை 7ஆவது அரச தாங்கிப் படைப்பிரிவின் மற்றில்டாக்கள் தாக்கியபோது, இத்தாலியரின் தாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளால் அக்கவசத்தைத் துளைக்க முடியவில்லை. பாசறைத் தளபதி மலெற்றி அங்கேயே உயிர் துறந்தார். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில், ஹல்பாயாக் கணவாயிலே ஜெர்மானியரின் 88 மில்லிமீற்றர்ப் பீரங்கிகளுக்கு எதிரே அதே தாங்கிகள் பல அழிந்தன. ஆறு மாத காலத்துள் வெல்லற்கரியது எனப்பட்டது வெல்லப்பட்டதாயிற்று.

இந்த ஆறு மாத காலத்து மற்றில்டா ஒன்றையே மாதிரியுருவாக அமைக்க வேண்டும் எனக் கொள்க. காலத்தை இவ்வாறு வரையறுத்தல் இன்றியமையாதது. ஒரே தாங்கி ஓராண்டில் ஒரு நிறமும் மறு ஆண்டில் வேறு நிறமும் பூண்டது. ஆதலின், "மற்றில்டாவின் நிறம் யாது?" என்னும் வினாவுக்கு விடையில்லை, "எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பிரிவில் இருந்த மற்றில்டா?" என்னும் வினாவுக்கே விடையுண்டு.

அளவு

கவச வாகன மாதிரிகளுக்கு இன்று பெருவழக்காயுள்ள விகிதம் முப்பத்தைந்தில் ஒன்று. கணித முறைக்கு வசதியானதன்று. அதன் பிறப்பும் தற்செயலானது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனத்தார் 'பாந்தர்' என்னும் ஜெர்மானியத் தாங்கியை மாதிரியாக வெளியிட்டனர். இயந்திர விசையால் ஓடிய அம்மாதிரியினுள் மின்கலங்கள் அடங்க வேண்டுமென்பதற்காகவே அதன் பருமன் தெரிவுசெய்யப்பட்டது. பின்னர் அளந்து பார்த்தபோது, அது மூலத்தின் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்காயிருந்தது. தொடர்ந்து வந்த மாதிரிகளும் அவ்வளவையே பின்பற்ற, பிறரும் அதனை ஏற்றனர்.

இவ்விகிதத்தில், ஏறத்தாழ 2.59 மீற்றர் அகலமுள்ள மற்றில்டா 74 மில்லிமீற்றராகும். 78 மில்லிமீற்றர்க் கவசம் இரண்டே கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகும். 40 மில்லிமீற்றர் வாயுடைய பீரங்கி, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட துளையாகும். நீளம் 35இல் ஒன்றாகும்போது மேற்பரப்பு 1,225இல் ஒன்றாகவும், கனவளவு 42,875இல் ஒன்றாகவும் குறையும். ஆகவே ஏறத்தாழ 27 தொன் நிறையுள்ள தாங்கி, அதே உருக்கினாற் செய்யப்படினும் 630 கிராம் அளவே நிறுக்கும். மாதிரியுரு மேசைமேல் நிற்கும்போது அதன் சங்கிலிப் பட்டை பாரத்தால் தாழ்ந்து தொய்வதில்லை. மண்ணும் அதன்கீழ் அழுந்துவதில்லை. பாரத்தின் விளைவுகளை எல்லாம் கைவினைஞன் தானே ஊகித்துச் செய்து காட்ட வேண்டியவனாகின்றான். பட்டையை மேலுள்ள உருளைகளோடு படிய ஒட்டித் தொய்வு காட்டுவது இதனாலேயே.

மற்றில்டாவின் சுழல்மேடை அமர்ந்திருந்த வளையத்தின் விட்டம் 54 அங்குலம். மாதிரியில் அது 39 மில்லிமீற்றர் வட்டம். அவ்வட்டத்தின் மேல் அமைந்த அறையினுள்ளேதான் தளபதி, பீரங்கி இயக்குவோன், குண்டு இடுவோன் ஆகிய மூவர், பீரங்கியின் பின்புறத்தோடும் குண்டுகளோடும் நெருங்கி இருந்தனர். நாலாமவனாகிய சாரதி முன்னே தனித்திருந்தான். அதே அளவிற் செய்யப்பட்ட மனித உருவங்கள் மூன்றை அவ்வட்டத்துள் நிறுத்திப் பார்க்கும் மாணவனுக்கு, நூல்கள் பல பக்கங்களிற் கூறும் நெருக்கம் ஒரு கணத்திற் புலனாகும்.

அமைக்கும் முறை

இன்று மாதிரியுருக்கள் பெரும்பாலும் பிளாஸ்ரிக் உறுப்புகளாகச் சட்டங்களில் இணைந்து பெட்டியில் வருகின்றன. உறுப்புகளை முதலில் சவர்க்கார நீரிற் கழுவுதல் வேண்டும். வார்ப்பச்சிலிருந்து எளிதிற் கழல்வதற்காகப் பூசப்பட்ட பொருளின் எச்சம் இருப்பின், வண்ணம் பற்றாது. பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் கூரிய கத்தரியாற் சட்டத்திலிருந்து பிரித்து, வார்ப்புத் தழும்பை அரத்தாலும் உரைதாளாலும் நீக்க வேண்டும். ஒட்டும் திரவம் பசைபோன்றதன்று. அது பிளாஸ்ரிக்கின் மேற்படையைச் சிறிது கரைத்து, இரு பகுதிகளையும் ஒன்றாக உருகச் செய்யும். ஆகவே அது மிகினும் தீது, குறையினும் தீது. ஒட்டுமுன் உறுப்புகளைப் பொருத்திப் பார்த்தல் எக்காலும் மறக்கத்தகாத விதி.

மற்றில்டாவின் சுழல்மேடை உருக்கை வார்த்துச் செய்யப்பட்டது. வார்ப்புருக்கின் மேற்புறம் சற்றுக் கரடானது. தகட்டுக் கவசமோ வழுவழுப்பானது. இவ்வேறுபாட்டைக் காட்ட, கைவினைஞர் வார்ப்புப் பகுதிகளின்மேல் ஒட்டுத்திரவத்தைத் தடவி, மென்மையாகிய பரப்பை விறைத்த தூரிகையின் நுனியாற் குத்துவர். இங்கும் அளவு நினைவில் இருத்தல் வேண்டும். மூலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயர்ந்த கரடு, மாதிரியில் 0.03 மில்லிமீற்றரே. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்னும் ஆவலால் மிகைப்படுத்தின், கவசம் கவசமாகத் தோன்றாது. தோடம்பழத் தோலாகவே தோன்றும்.

நிறம் பற்றிய வழக்கு

அமைப்பு முடிந்தபின் எழுவதே தலையாய வினா. 1940ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடக்கம் 1941ஆம் ஆண்டின் இறுதியளவும், வட ஆபிரிக்காவிலிருந்த பிரித்தானியத் தாங்கிகள் நேர்க்கோட்டு விளிம்புகளையுடைய சாய்ந்த பட்டைகளாக மூன்று நிறம் பூசப்பெற்றன. தொலைவிலிருந்து நோக்குவோன் வண்டியின் உருவரையைத் தெளிந்து கொள்ளாதவாறு அதனைத் துண்டு துண்டாகக் காட்டுவதே அதன் நோக்கம். பிரிகேடியர் கோன்ரர் என்பவரின் பெயரால் அம்முறை இன்று 'கோன்ரர் முறை' என வழங்கப்படுகின்றது. மூன்று நிறங்களுள் ஒன்று மணல் போன்ற வெளிறிய மஞ்சள். மற்றொன்று கருமை சார்ந்தது. இவற்றுக்கு இடைப்பட்டதாகிய மூன்றாவது நிறம் யாது என்பதே வழக்கு.

நெடுங்காலம் அது வெளிறிய நீலம் என்றே நம்பப்பட்டது. போருக்குப் பின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட தாங்கி ஒன்று நீலம் பூசப்பெற்றிருந்தது. அதனைக் கண்டு நூல்களில் நீலப்படங்கள் வரைந்தனர். நூல்களைக் கண்டு மாதிரிப் பெட்டிகளின் மேலும் நீலம் தீட்டினர். பெட்டியைக் கண்டு இளைஞர் நீலம் பூசினர். ஆயிரக்கணக்கான மேசைகளில் நீல மற்றில்டாக்கள் நின்றன. இத்துணைப் பேர் ஒருமித்துக் கூறுவது பொய்யாகுமா என்று எவரும் எண்ணிலர். ஆயின் அவர்கள் அனைவரும் ஒரே சாட்சியின் சொல்லையே திருப்பிச் சொன்னவர்கள். நூறு பேர் ஒருவனிடம் கேட்டதைச் சொல்லின், சாட்சிகள் நூறல்லர், ஒருவனே.

பிற்காலத்தில் ஆய்வாளர் சிலர் அக்காலத்துப் படைக் கட்டளைகளை நாடினர். கட்டளைகளில் நிறங்கள் பெயராலும் இலக்கத்தாலும் குறிக்கப்பட்டிருந்தன. 1930ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட 381ஆம் இலக்கப் பிரித்தானிய வண்ணத் தரநிலையில் உள்ள இலக்கங்கள் அவை. 61ஆம் இலக்க 'இளங்கல்' நிறம், அல்லது 64ஆம் இலக்கப் 'போட்லன்ட் கல்' நிறம். 28ஆம் இலக்க 'வெள்ளிச்சாம்பல்'. 34ஆம் இலக்கச் 'சிலேற்று' நிறம் என்பனவே அவை. தரநிலையின் வண்ண அட்டையில் 28ஆம் இலக்கத்தைக் காணின், அது நீலமன்று. பசுமை கலந்த வெளிறிய சாம்பல். வழக்கு இவ்வாறு தீர்ந்தது.

கண் ஏமாந்தமைக்குக் காரணம்

தவறு அறியாமையால் மட்டும் நிகழ்ந்ததன்று. கண்ணின் இயல்பும் அதற்குத் துணைநின்றது. முதலாவது, அக்காலத்து ஒளிப்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. அவை ஒரு நிறம் எவ்வளவு வெளிறியது என்பதைக் காட்டுமேயன்றி, நீலமா பச்சையா சாம்பலா என்பதைக் காட்டா. செந்நிற ஒளியை உணராத படச்சுருள்களில் சிவப்புக் கருமையாகவும் நீலம் வெண்மை சார்ந்தும் பதியுமாதலின், அவ்வெளிறலையும் முற்றாக நம்பவியலாது.

இரண்டாவது, நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும். பாரிசு நகரத்து அரச நெசவுச்சாலையிற் சாயத்துறைக்குத் தலைவராயிருந்த செவ்ருல் என்னும் வேதியியலாளரிடம், சில சாயங்கள் மங்கித் தோன்றுகின்றன என்ற முறையீடு வந்தது. ஆராய்ந்தபோது குறை சாயத்தில் இல்லை என்றும், அருகே நெய்யப்பட்ட நூலின் நிறமே அதனை வேறாகக் காட்டியது என்றும் அவர் கண்டார்; 1839ஆம் ஆண்டில் அதனை விரிந்த நூலாக வெளியிட்டார். மஞ்சளுக்கு அருகே வைத்த சாம்பல், மஞ்சளின் எதிர்நிறமாகிய நீலச்சாயல் கொண்டு தோன்றும். மணல் மஞ்சளின் நடுவே தீட்டிய வெள்ளிச்சாம்பலை நீலம் என ஒருவர் கண்டிருப்பின், அவர் பொய் கூறியவரல்லர், கண்டதையே கூறியவர். ஆயின் கண்டது வேறு, பூசியது வேறு.

மூன்றாவது, வண்ணம் நிலைபேறற்றது. பாலைநிலத்து வெயிலும் மணற்காற்றும் அதனை வெளிறச் செய்தன. வண்ண ஒளிப்படங்களின் சாயங்களும் ஆண்டுகள் கழிய மாறின.

இனி, கட்டளை ஒன்றே போதுமா எனின், போதாது. இவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பதையே கட்டளை கூறும். செய்யப்பட்டதா என்பதை ஒளிப்படமே கூறும். பட்டைகள் எந்த இடத்தில், எக்கோணத்தில் அமைந்தன என்பதற்கு ஒளிப்படமாகிய காட்சி சான்று. அவற்றின் நிறம் யாது என்பதற்குக் கட்டளையாகிய உரை சான்று. ஒளிப்படத்தில் மிக வெளிறியது, இடைத்தரமானது, மிகக் கரியது என மூன்று சாயைகள் உளவாகவும், கட்டளையில் அதே வரிசையில் மூன்று நிறங்கள் உளவாகவும் இருத்தலின், இன்னது இன்னதாகும் என இயைத்தல் கருதல். மூன்று அளவையும் ஒன்றையொன்று திருத்தித் துணைசெய்யும்போதே முடிபு உறுதிபெறுகின்றது.

வண்ணந் தீட்டுதல்

நிறம் தெளிந்தபின் தூரிகை எடுத்தல் தகும். முதலில் வெளிறிய சாம்பல் அடிப்பூச்சு மெல்லியதாக இடப்படும். அதன்மேல் மிக வெளிறியதாகிய கல் நிறத்தைக் காற்றுத் தூரிகையாற் பல மென்படைகளாகத் தெளிப்பர். ஒரே தடவையில் தடித்துப் பூசின், நுண்ணிய உறுப்புகள் வண்ணத்துள் மூழ்கிவிடும். அது நன்கு உலர்ந்தபின், பட்டையின் எல்லைகளில் மறைப்பு ஒட்டுத்தாளை இட்டு வெள்ளிச்சாம்பலைத் தெளித்து, அவ்வாறே ஈற்றிற் சிலேற்று நிறத்தைத் தெளிப்பர். வெளிறியதிலிருந்து கரியதற்குச் செல்வதே முறை. வளைந்த சுழல்மேடையில் நேர்க்கோடு நேராகவே தோன்றுமாறு ஒட்டுத்தாளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி இடுதல் வேண்டும்.

வண்ண அட்டையிலுள்ள நிறத்தை அப்படியே பூசினால், மாதிரி பெரும்பாலும் கருமையாகத் தோன்றும். ஓரடித் தொலைவில் வைத்து நோக்கப்படும் மாதிரி, உண்மைத் தாங்கியை 35 அடித் தொலைவில் நோக்குவதற்கு ஒப்பாகும். தொலைவு கூடுந்தோறும் இடையிலுள்ள காற்றும் தூசும் நிறத்தை வெளிறச் செய்யும். ஆதலின் பலர் சிறிதளவு வெளிறிய நிறத்தைக் கலப்பர். எவ்வளவு கலப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை. அவரவர் கண்ணே நடுவர். சான்றால் அறியத்தக்கது எது, சுவையால் துணியத்தக்கது எது எனப் பிரித்தறிதலும் இக்கலையின் ஒரு பகுதியே.

பின்னர்ப் பளபளப்பான வார்னிசு ஒரு படை பூசி, நீரில் ஊறவைத்த அடையாளப் படங்களை ஒட்டுவர். இங்கும் சான்று வேண்டும். 7ஆவது பிரிவின் தாங்கிகள் ஆங்கில நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தாகிய 'ஜீ'யில் தொடங்கும் பெயர்களையும், 4ஆவது பிரிவின் தாங்கிகள் நான்காம் எழுத்தாகிய 'டீ'யில் தொடங்கும் பெயர்களையும் தாங்கின. பிரிவின் குறி ஒன்றும் பெயரின் எழுத்து மற்றொன்றுமாக இருப்பின், அம்மாதிரி தன் பொய்யைத் தானே உரைக்கும்.

அடுத்து, நீர்த்த கருங்கபில வண்ணத்தைப் பொருத்துகளிலும் ஆணித்தலைகளைச் சூழவும் ஓடவிட்டு நிழல் காட்டுவர். உலர்ந்த தூரிகையில் வெளிறிய வண்ணத்தைச் சிறிதே எடுத்து விளிம்புகளில் உரசி ஒளி காட்டுவர். இறுதியில் மங்கல் வார்னிசு பூசி, மணல் நிறத் தூளைச் சில்லுகளிலும் கீழ்ப்பகுதிகளிலும் இடுவர். பழுது காட்டுவதிலும் காரணம் வேண்டும். வண்ணம் தேய்வது படையாளர் மிதித்து ஏறும் இடங்களிலும் கதவுகளின் விளிம்பிலுமே. இத்தாங்கிகள் இங்கிலாந்திலிருந்து பச்சை நிறத்தோடு வந்து எகிப்தில் மறுபடி பூசப்பட்டவை. ஆகவே கீறலினூடே முதலில் தெரிவது பச்சை. ஈரமற்ற பாலைநிலத்தில் செந்துரு எங்கும் வழிவதாகக் காட்டுதல் அழகாயிருக்கலாம், உண்மையாகாது.

பயன்

போர்க்கருவி ஒன்றை இத்துணைக் கவனத்தோடு செய்தல் போரைப் போற்றுவதாகாதோ எனச் சிலர் ஐயுறுவர். போரின் துன்பம் அறிந்த நாட்டிலே இவ்வையம் எழுதல் இயல்பே. ஆயின் போரைப் போற்றுவோனுக்கு உண்மை வேண்டுவதில்லை; பகட்டே போதும். 39 மில்லிமீற்றர் வட்டத்தினுள் மூன்று மனிதரை நிறுத்திப் பார்த்தவன், ஹல்பாயாவில் அக்கவசம் துளைக்கப்பட்டபோது அவ்வட்டத்தின்மேல் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை எளிதில் மறவான். இறந்தோர் இரு பக்கத்தும் உளர். அவர்களைப் பற்றிச் சொல்லும் எச்செய்தியும், நிறத்தைப் பற்றிய சிறு செய்தியாயினும், பிழையின்றிச் சொல்லப்படுதல் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

மாணவர் இக்கலையிற் பெறும் பெரும்பேறு கைத்திறன் அன்று. பலரும் கூறுவது என்பதனாலும், அச்சிற் கண்டது என்பதனாலும், அருங்காட்சியகத்தில் நிற்பது என்பதனாலும் ஒன்று உண்மையாகிவிடாது. அச்சொல் எவரிடமிருந்து தொடங்கியது எனத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் பாடமே அப்பேறு. நீல மற்றில்டாவை வைத்திருந்தோருட் சிலர், உண்மை வெளிப்பட்டபின் தம் பழைய மாதிரியை மறுபடி எடுத்து, பல மாத உழைப்பின்மேல் வெள்ளிச்சாம்பலைப் பூசினர். செய்ததை மாற்றுதற்கு நாணாத அத்தூரிகையே கல்வியின் அடையாளம்.